அபிராமசுந்தரியும் ஆயிரம் கொக்குகளும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, ஊரில் யாரோ மண்டையைப் போட்டிருக்க வேண்டும். இரண்டு, நியூஜெர்ஸியிலிருந்து அக்கா. அன்றைக்கு அக்கா. ஆனால் வீடியோவில் தெரிந்த முகம் அவளுடையது இல்லை, அவள் பெண்ணுடையது. மூன்றாம் வகுப்பு. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மாமா, எனக்கு வேற பேர் வைக்கச் சொல்லு. சின்னதா!"

பின்னாலிருந்து அக்கா குரல்: "நேத்துலேர்ந்து இதே பாட்டுடா."

குழந்தையின் பெயர் அபிராமசுந்தரி. எங்கள் பாட்டியின் பெயர். பாட்டி போன வருஷமே இவள் பிறந்ததால், அம்மா ஒற்றைக்காலில் நின்று வைக்க வைத்தாள். கூடவே கடைசிப் பெயராக அப்பா பெயர் வேறு, சண்முகசுந்தரம். கூட்டிப் பார்த்தால் கூட்ஸ் வண்டி. பிறப்புச் சான்றிதழ் டைப் அடித்த அம்மணி பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை அடித்தாள் என்று அத்தான் சொல்வார். (அத்தான் சொல்வதில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி உண்டு.)

நடந்தது இதுதான். பள்ளியில் சீனாவைப் பற்றிப் பாடம். டீச்சர் 'டிக்கி டிக்கி டெம்போ' என்று ஒரு படக்கதையை வாசித்திருக்கிறாள். சீனாவில் ஒரு அம்மாவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் குலவிளக்கு என்பதால் அவனுக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர். இளையவன் பெயர் வெறும் 'சாங்'. அதற்கு அர்த்தமே 'ஒன்றுமில்லை' என்கிற மாதிரி என்று கதை சொல்கிறது. இளையவன் கிணற்றில் விழுகிறான். அண்ணன் ஓடிப்போய்ச் சொல்ல, உடனே தூக்கிவிடுகிறார்கள். மூத்தவன் விழும்போதுதான் வில்லங்கம். தம்பி அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, தூக்கிவிட வெகு நேரமாகிறது. அன்றிலிருந்துதான் சீனர்கள் பிள்ளைகளுக்குச் சின்னப் பெயராக வைக்கிறார்கள் என்று முடிகிறது கதை.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நம் அபிராமசுந்தரிக்குப் புதுப்பெயர் கிடைத்துவிட்டது: டிக்கி டிக்கி. அதைவிடப் பரிதாபம், அதே வகுப்பில் தைவான் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கடைசிப் பெயர் நிஜமாகவே சாங். அவனை 'ஒன்றுமில்லை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவளாவது வீட்டுக்கு வந்து அழுதாள். அவன் யாரிடமும் சொல்லவில்லையாம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பல் தேய்க்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அந்தப் புத்தகம் 1968-ல் வந்தது. ஆர்லீன் மோஸெல் என்கிற அம்மையார் தான் சின்ன வயதில் கேட்ட கதையைத் திருப்பிச் சொன்னார். பிளேர் லென்ட் அருமையாகப் படம் போட்டார். பரிசு வாங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கக் குழந்தைகள் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு குறை. இதில் சீனா இல்லை.

அந்த நீளப் பெயரில் ஒரு எழுத்துகூடச் சீன மொழி கிடையாது. சீனப் பெயர் என்றால் முதலில் குடும்பப் பெயர், பின்னால் ஒன்றோ இரண்டோ அசையில் சொந்தப் பெயர், அவ்வளவுதான். மூத்தவனுக்கு ஒரு முழம், இளையவனுக்கு ஒரு விரற்கடை என்ற வழக்கமெல்லாம் அங்கே இருந்ததில்லை. 'சாங்' என்பது சீனர்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமும் இல்லை.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே ரகுகோ என்று ஒரு கலை. ஒரே ஆள் மேடையில் திண்டுபோட்டு உட்கார்ந்து, கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, இவற்றை வைத்துக்கொண்டே பத்துப் பேராக மாறி மாறிப் பேசிச் சிரிக்கவைப்பார். அதில் ஒரு பழைய உருப்படி 'ஜுகெமு'. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஓர் அப்பா கோயில் குருக்களிடம் போய், "நீண்ட ஆயுளாக இருக்கணும், நல்ல பேரா சொல்லுங்க சாமி" என்கிறார். குருக்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அப்பாவுக்கு எதை விடுவது என்று தெரியவில்லை. எதற்கு வம்பு என்று அத்தனையையும் சேர்த்து வைத்துவிடுகிறார்! பையன் பெரியவனாகி ஒருத்தனை மண்டையில் அடிக்கிறான். அடிபட்டவன் புகார் சொல்ல வருகிறான். இன்னார் அடித்தான் என்று பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மண்டை வீக்கம் வற்றிப் போய்விடுகிறது. (கிணற்றில் விழுவதாகவும் ஒரு பாடம் உண்டு.) ஜப்பானியக் குழந்தைகள் இன்றைக்கும் அந்தப் பெயரை மனப்பாடம் பண்ணி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பான் கதையில் சிரிப்பது ஓர் அப்பாவைப் பார்த்து. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் புத்தி பேதலித்த அப்பா. ஜாதகக் கட்டு, எண்கணிதம், நட்சத்திர எழுத்து என்று அலைகிற நம் வீட்டு அப்பாக்கள் எல்லாருமே அவரில் இருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த கதையில் அந்த அப்பா காணாமல் போய்விட்டார். ஒரு மனுஷனின் அசட்டுத்தனம் ஒரு தேசத்தின் வழக்கமாக மாறி, 'சீனர்கள் இப்படித்தான்' என்று பாடமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பாடத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் பள்ளிக்கூடத்தில் சீனா என்றால் யுவான் சுவாங். முதுகில் மூட்டை, அதற்குமேல் குடை மாதிரி ஒன்று. காஞ்சிபுரம் வந்தார். இரண்டு மார்க். அவர் ஏன் வந்தார், வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. (அரசாங்க அனுமதியில்லாமல் கிளம்பி வந்தவர் அவர். இது தெரிந்திருந்தால் அந்த வயதில் எனக்கு அவர்மேல் எவ்வளவு மரியாதை வந்திருக்கும்!)

அமெரிக்காவில் இந்த மாதிரி ரகளை புதிசு இல்லை. டாக்டர் ஸூஸ் என்றால் அங்கே குழந்தைகளுக்கு நம் வாண்டுமாமா மாதிரி. 1937-ல் வந்த அவருடைய முதல் குழந்தைப் புத்தகத்தில் ஒரு சீனர் ஓடுகிறார். மஞ்சள் தோல், கையில் கிண்ணமும் குச்சியும், முதுகில் நீளச் சடை. 1978-ல் மஞ்சள் நிறத்தையும் சடையையும் அழித்துவிட்டு மறுபதிப்புப் போட்டார்கள். 2021 மார்ச்சில், இந்தப் புத்தகத்தையும் அவருடைய இன்னும் ஐந்து புத்தகங்களையும் இனி அச்சடிப்பதில்லை என்று உரிமை வைத்திருக்கும் நிறுவனமே அறிவித்தது. உடனே டி.வி-யில் ஒரே கூச்சல். ஒரு கட்சி 'அப்பவே நிறுத்தியிருக்கணும்' என்றது. இன்னொரு கட்சி 'எங்க பால்யத்தைப் பிடுங்கறாங்க' என்றது.

இந்தச் சண்டையில் யாரும் அந்தச் சடையைப் பற்றிக் கேட்கவில்லை. அழிப்பதா வைப்பதா என்று அடித்துக்கொண்டார்களே தவிர, சீனருக்குச் சடை ஏன் வந்தது என்பதே ஓர் அருமையான பாடம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1644-ல் மஞ்சூரியர்கள் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஓர் உத்தரவு: சீன ஆண்கள் எல்லாரும் எங்களைப் போல முன்தலையை மழித்து, பின்னால் சடை போட வேண்டும். மாட்டேன் என்றால் சிரச்சேதம். தலையா மயிரா, இரண்டில் ஒன்றுதான் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். முடியை வெட்டுவதே பெற்றவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்த சமூகம் அது. எதிர்த்து நின்ற நகரங்களில் ரத்த ஆறு ஓடியது. பிறகு இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே அந்தச் சடை நீடித்தது. 1911-ல் புரட்சி வெடித்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலைத்தான் எடுத்தார்கள். ஆக, டாக்டர் ஸூஸ் படம் போட்ட 1937-ல் சீனாவில் சடை காலாவதியாகிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது!

இதன் அடுத்த அத்தியாயம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1876-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரசபை, சிறைக்கு வருகிறவர்களின் முடியை ஒரு அங்குலத்துக்கு வெட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. யாரை மனதில் வைத்து என்று சொல்லவேண்டியதில்லை. ஹோ ஆ காவ் என்ற சீனத் தொழிலாளி, அபராதம் கட்டமுடியாமல் உள்ளே போனவர், சடையை இழந்தார். ஊரில் சடை இல்லாவிட்டால் தலை போகும். இங்கே சடையே போகிறது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1879-ல் ஜெயித்தார். சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொன்னால் புரியாதா? சினிமாவில் இதைவிடச் சிக்கலான கதையெல்லாம் அதற்குப் புரிகிறது.

ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது வேறு. சந்திரப் புத்தாண்டு சமயத்தில் சிவப்புத் தாளில் டிராகன், ஒரு தட்டு நூடுல்ஸ், கையில் சாப்ஸ்டிக், கடைசியில் ஆளுக்கொரு ஃபார்ச்சூன் குக்கி, அதை உடைத்தால் உள்ளே ஒரு பொன்மொழிச் சீட்டு. இதில் தமாஷ், அந்தக் குக்கியைச் சீனாவில் யாருக்கும் தெரியாது. அதன் பூர்வீகம் ஜப்பானில் கியோட்டோ பக்கம். கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த ஜப்பானியர்கள் செய்து விற்றார்கள். 1942-ல் யுத்த நேரத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அந்தச் சமயத்தில்தான் குக்கி வியாபாரம் சீனர் கைக்கு மாறியது என்கிறார்கள். சீட்டை மட்டும் படித்துவிட்டுக் குக்கியை வாயில் போட்டுக்கொண்டால் இத்தனையும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது.

சரி, அபிராமசுந்தரி கதைக்கு வருவோம். அக்கா டீச்சருக்கு மெயில் போட்டாள். மூன்று முறை எழுதி, நாலாவது முறை கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினாள். சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். டீச்சர் மறுநாளே கூப்பிட்டாளாம். "நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ எங்க டீச்சர் இதைத்தான் படிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. சீனாவைப் பத்திச் சொல்ல எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்" என்று சொன்னாளாம். அவள்மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலம், ஒவ்வொரு ஊர், அது அது இஷ்டம். கோர் நாலெட்ஜ் என்ற பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்பிலேயே பழங்கால இந்தியாவும் சீனாவும் ஒரே பாடமாக வருகின்றன. கங்கை, தீபாவளி, அப்புறம் மஞ்சள் ஆறு, பட்டு, காகிதம், பெருஞ்சுவர். வேறு பள்ளிகளில் இதெல்லாம் தலைகாட்டுவதே இல்லை. ஆசிரியர்களுக்கே ஆசியாவைச் சொல்லித்தர 1998-லிருந்து ஃப்ரீமன் அறக்கட்டளையின் பணத்தில் பயிற்சி வகுப்புகள் நடந்துவருகின்றன. ஆசிய வம்சாவளி அமெரிக்கர்களின் வரலாற்றையும் பள்ளியில் நடத்தவேண்டும் என்று 2021-ல் இலினாயும் 2022 ஜனவரியில் நியூஜெர்ஸியும் சட்டமே போட்டுவிட்டன. கொரோனா காலத்தில் ஆசிய முகத்தைப் பார்த்தாலே அடித்த சம்பவங்கள் நடந்த பிறகு வந்த சட்டங்கள் இவை. சட்டம் வந்துவிட்டது. கதைகள் வந்து சேரத்தான் நாளாகிறது.

அடுத்த மாதம் ஜப்பான் பாடம். இந்தத் தடவை டீச்சர் ஒரு மரப்பெட்டியோடு வந்தாளாம். பெட்டிக்குக் கதவு மாதிரி இரண்டு சிறகு. உள்ளே அடுக்காகப் படங்கள். ஒவ்வொன்றாக உருவி உருவிக் கதை சொல்வது. காமிஷிபாய் என்று பெயர், காகித நாடகம். 1930-களில் உலகம் முழுக்க மந்தம், ஜப்பானில் வேலை போன ஆண்கள் சைக்கிளின் பின்சீட்டில் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். இரண்டு கட்டைகளை 'டக் டக்' என்று தட்டினால் பிள்ளைகள் ஓடிவரும். முதலில் மிட்டாய் வியாபாரம். வாங்கினவனுக்கு முன்வரிசை, வாங்காதவன் பின்னாடி நிற்க வேண்டும். கதையைச் சரியான இடத்தில், கதாநாயகன் பாறை விளிம்பில் தொங்கும்போது, நிறுத்திவிட்டு 'மிச்சம் நாளைக்கு' என்று கிளம்பிவிடுவார்கள். (வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுத்தாளர்கள் தங்கள் குலகுருவைக் கண்டுகொள்ளலாம்.) டி.வி. வந்தபோது ஜப்பானியர்கள் அதற்கு முதலில் வைத்த பெயரே 'மின்சாரக் காமிஷிபாய்'. சீக்கிரமே அது சைக்கிள்காரர்களின் பிழைப்பை முடித்துவைத்தது.

அபிராமசுந்தரிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் என்னைக் கேட்டது: "வேலை போனதும் வீட்ல திட்டினாங்களா மாமா அவங்களை?" ஜப்பானைப் பற்றி இப்படி ஒரு கேள்வி இந்த வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கிமோனோ, ஸுமோ, புல்லட் ரயில் என்று நம் ஜப்பான் அதோடு முடிந்துபோய்விடுகிறது.

பிறகு ஸடாகோ. இந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆகஸ்ட் 6 வந்தால் காகிதக் கொக்கு மடிக்கவைக்கிறார்கள். ஸடாகோ ஸஸாகி 1943 ஜனவரியில் ஹிரோஷிமாவில் பிறந்தவள். குண்டு விழுந்தபோது இரண்டு வயது. காயம் ஏதுமில்லை. ஆறாம் வகுப்பில் ரிலே ஓட்டத்தில் புலி. 1954 கடைசியில் கழுத்தில் கட்டிகள். 1955 பிப்ரவரியில் ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்கே நம்பிக்கை. மருந்து சுற்றிவந்த தாள், பரிசுப்பொருள் சுற்றிய தாள் என்று கிடைத்ததில் எல்லாம் மடித்தாள். தாள் சின்னதாகிப் போனபோது ஊசி முனையால் மடித்தாள். அக்டோபர் 25-ம் தேதி இறந்துபோனாள். பன்னிரண்டு வயது.

அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எலினார் கோர் எழுதி 1977-ல் வந்த புத்தகம். அதில் ஸடாகோ 644 கொக்குகள்தான் மடிக்கிறாள். மிச்சத்தை வகுப்புத் தோழர்கள் மடித்து ஆயிரம் ஆக்குகிறார்கள். படிக்கிறவன் கண்ணீர் விடுவான். ஆனால் ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகமும் அவள் அண்ணன் மஸாஹிரோவும் சொல்வது வேறு. அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டியும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் பி.காம். எண்ணில் தப்பு இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. 644 ஏன் வந்தது என்று யோசித்தால் புரிகிறது. 644 என்றால் நேரம் போதவில்லை என்று அர்த்தம். சோகம், ஆனால் தாங்கக்கூடிய சோகம். ஆயிரமும் மடித்து முடித்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால்? அதை எப்படிக் குழந்தைகளிடம் சொல்வது?

சிகாகோவில் க்ளிஃப்டன் ட்ரூமன் டேனியல் என்று ஒருவர். குண்டு போட உத்தரவிட்ட ஜனாதிபதி ஹாரி ட்ரூமனின் பேரன். 1990-களின் கடைசியில் அவருடைய பையன் பள்ளியிலிருந்து ஸடாகோ புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் கொள்ளுத்தாத்தா யார் என்பது அந்தப் பாடத்தில் சம்பந்தப்பட்ட விஷயம்! அப்பாவும் உட்கார்ந்து படித்தார். பிற்பாடு 2010-ல் நியூயார்க்கில் மஸாஹிரோவைச் சந்தித்தார். அங்கே ஒரு குட்டிக் கொக்கை அவர் உள்ளங்கையில் வைத்து, இது ஸடாகோ கடைசியாக மடித்தவற்றில் ஒன்று என்றார்கள். 2012 ஆகஸ்டில் டேனியல் ஹிரோஷிமாவுக்குப் போய் அஞ்சலிக் கூட்டத்தில் நின்றார். 2015-ல் ஸடாகோவின் ஒரு கொக்கு ட்ரூமன் நினைவு நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. பேர் தெரியாத ஒரு டீச்சர் பையில் போட்டு அனுப்பிய சின்னப் புத்தகம் இத்தனையையும் செய்தது. அதில் எண் தப்பு என்பதும் நிஜம்தான், இதுவும் நிஜம்தான். எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று எனக்கு இன்னும் எழுதத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏழு மணி. இப்போது பெயர் மாற்றும் கோரிக்கை இல்லை. டீச்சர் ஒவ்வொருத்தரையும் தன் பெயரை வைத்தது யார், ஏன் என்று கேட்டு வந்து சொல்லச் சொன்னாளாம். இவள் கொள்ளுப்பாட்டி கதையைப் பத்து நிமிஷம் சொல்லியிருக்கிறாள். சாங் தன் குடும்பப் பெயரின் எழுத்தைப் போர்டில் எழுதி, இந்தப் பக்கம் வில், அந்தப் பக்கம் நீளம் என்று விளக்கினானாம். இப்போது வகுப்பில் பாதிப்பேர் கையில் அந்த எழுத்தைப் பேனாவால் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

ஆனால் அவள் கூப்பிட்டது அதற்கில்லை.

"மாமா, அவ ஆயிரம் பண்ணிட்டாளாமே? டீச்சர் சொன்னா. அப்புறமும் ஏன் பண்ணினா?"

தூக்கக் கலக்கத்திலும் எனக்கு விடை தெரிந்திருந்தது, படித்திருந்தேன். அண்ணன் மஸாஹிரோ சொல்லிவந்தது அது. அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கடன் இருந்தது. குண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்க மருத்துவ உதவி என்று சட்டம் வந்ததே 1957-ல். ஸடாகோ படுத்திருந்தது 1955-ல். ரத்தம், மருந்து எல்லாம் செலவு. முதல் ஆயிரம் தனக்காக. அது பலிக்கவில்லை. அடுத்து மடித்த கொக்குகளில் அவள் வேண்டிக்கொண்டது அப்பாவின் கடன் அடையவேண்டும் என்று.

சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கடன்னா லோனா?"

"ஆமா."

"அம்மா இங்க படிக்க வந்தப்போ தாத்தா கடன் வாங்கினாரா?"

வாங்கினார். வீட்டுப் பத்திரம் பாங்க்கில் இருந்தது ஒன்பது வருஷம். அதனால்தான் நான் சி.ஏ. சேராமல் பி.காமோடு நின்றது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போனை அக்கா வாங்கிக்கொண்டாள்.

"நேரமாச்சு, அவ தூங்கணும்" என்றாள். ஆனால் போனை உடனே வைக்கவில்லை.